450 வாட் என்று எழுதியிருந்தால் போதுமா? மலிவான எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் முன் அறிய வேண்டியவை



கணினி இன்று நம் பகுதியில் ஆடம்பரப் பொருள் அல்ல. கல்லூரிப் பிள்ளையின் புராஜெக்ட், வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை செய்யும் சகோதரியின் வருமானம், ஜெராக்ஸ் கடையின் அன்றாடப் பிழைப்பு, மதரஸாவின் கணக்கு என்று பலவும் அதை நம்பி இருக்கின்றன. வசதி குறைந்த குடும்பங்கள் பெரும்பாலும் பழைய கணினியைத்தான் வாங்குகின்றன. அது ஒருநாள் உயிரற்று நின்றால், முதலில் மாற்றப்படும் பாகம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி.

“ஐந்நூறு அறுநூறு ரூபாய்தான், புதுசு போட்டுடலாம்” என்று சொன்னதும் நாமும் சம்மதித்துவிடுகிறோம். அந்தப் பெட்டி தரமற்றதாக இருந்தால் நஷ்டம் அறுநூறு ரூபாயோடு நிற்பதில்லை. மதர்போர்டும், ஹார்டு டிஸ்க்கும், அதில் இருக்கும் பிள்ளைகளின் மூன்று வருடப் படிப்பும் சேர்ந்து போகலாம். சில நேரம் தீ விபத்துக்கும் அதுவே காரணமாகிவிடும். எனவே இந்த இதழில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்ஸின் தரத்தை எப்படி ஓரளவு கணிக்கலாம் என்பதைப் பாடமாகப் பார்ப்போம்.

மேலே காய்ந்தது, உள்ளே ஈரம்

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

நெல் விளையும் இந்த மண்ணில் இதை விளக்கவே தேவையில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலின் மேல்பகுதியை மட்டும் பார்த்து யாரும் மூட்டை பிடிப்பதில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதைக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். நம் பெரியவர்கள் நெல்லை வாயில் போட்டுக் கடித்தே பதத்தைச் சொல்லிவிடுவார்கள். நெல்லுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது மட்டும் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அப்படியே நம்பிவிடுகிறோம்.

எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது?

சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கணினியின் பாகங்களுக்கு வேண்டியதோ 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டி.சி. காவிரித் தண்ணீரை மதகு வைத்து அளந்து வாய்க்காலுக்கு விடுவதைப் போல, இந்தப் பெட்டி பெரிய மின்சாரத்தை வாங்கிச் சிறிய அளவுகளாகப் பிரித்துவிடுகிறது. முதலில் அது ஏ.சி.யை ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி.யாக மாற்றி, பெரிய கண்டென்சரில் தேக்குகிறது. பின் ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதைத் திறந்து மூடி, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியே இறக்குகிறது.

மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. இன்டெல் நிறுவனம் 1995இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறைப்படி, இந்த மூன்றும் 5 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அதாவது 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6க்குள்ளும், 5 வோல்ட் என்பது 4.75 முதல் 5.25க்குள்ளும் நிற்க வேண்டும்.

நல்ல பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வோல்டேஜ் எகிறினாலோ, ஷார்ட் ஆனாலோ, அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கப்பட்டாலோ தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்தப் பாதுகாப்புச் சுற்றுகளில்தான். அவை இல்லாவிட்டாலும் கணினி ஓடும். விபத்து நடக்கும் நாளில்தான் இல்லாதது தெரியவரும்.

நமக்கு எத்தனை வாட் வேண்டும்?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண வீட்டுக் கணினி, மும்முரமாக வேலை செய்யும்போதுகூட பெரும்பாலும் 100 வாட் அளவில்தான் எடுக்கும். மானிட்டருக்குத் தனி மின்சாரம். ஆகவே உண்மையாகவே 250 அல்லது 300 வாட் தரக்கூடிய பெட்டி நம் தேவைக்குத் தாராளம். பெரிய கிராபிக்ஸ் கார்டு போடுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

அப்படியானால் 450, 500 என்று ஏன் போடுகிறார்கள்? பெரிய எண்ணைப் பார்த்தால் வாங்குபவருக்குத் திருப்தி. அவ்வளவுதான். சில பெட்டிகளில் அந்த எண் வாட்டே அல்ல. மாடல் பெயரின் ஒரு பகுதி. எண்ணுக்குப் பின்னால் “வாட்” என்ற அலகு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “மேக்ஸ்”, “பீக்” என்று இருந்தால், அது ஒரு நொடி மட்டும் தாங்கும் உச்ச அளவாக இருக்கலாம்; தொடர்ந்து தரும் அளவு அல்ல.

லேபிளில் ஒரு பெருக்கல் கணக்கு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்குதான் இது. வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இன்றைய கணினிகளில் பிராசஸரும் மற்ற பெரிய பாகங்களும் 12 வோல்ட் பாதையிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. எனவே லேபிளில் உள்ள கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருக்கும் ஒரு பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்று இருந்தால், 12 × 14 = 168 வாட். மீதியை 5 வோல்ட், 3.3 வோல்ட் பாதைகளில் கூட்டிக் காட்டியிருப்பார்கள். அவை இன்றைய கணினிக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவை. அதே 450 வாட் எழுதிய நேர்மையான பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியருக்கு மேல் இருக்கும். அதாவது 360 வாட்டுக்கு மேல். வெளியே ஒரே எண். உள்ளே சரக்கு பாதிக்கும் குறைவு.

லேபிளில் இன்னும் மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும்.

1. உள்வரும் மின்சாரம். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் நம் பகுதிக்கு நல்லது. பம்புசெட்டுகள் ஒரேநேரத்தில் ஓடும் வேளைகளில் லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் குறையும்போது பெட்டி அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். அகன்ற அளவில் இயங்கும் பெட்டி இதைத் தாங்கும்.

2. பி.ஐ.எஸ். பதிவு எண். மின்சாரச் சாதனங்கள் பலவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. தனியாக விற்கப்படும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் லேப்டாப் அடாப்டரும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஐ.எஸ். எண்ணுடன், “ஆர்” என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் லேபிளில் இருக்கும். “பி.ஐ.எஸ். கேர்” என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லாவிட்டாலோ, வேறு பொருளின் எண்ணாக இருந்தாலோ வாங்க வேண்டாம்.

3. “80 பிளஸ்” முத்திரை. இது 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய சான்று. 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீத மின்சாரத்தை வீணாக்காமல் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. இருந்தால் சிறப்பு. போலி ஸ்டிக்கரும் உண்டு என்பதால், மாடல் பெயர் சான்று பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மின்கட்டணத்திலும் இதன் பலன் தெரியும். கணினிக்கு 100 வாட் வேண்டும் என்றால், 65 சதவீதத் திறன் உள்ள பெட்டி சுவரிலிருந்து 154 வாட் எடுக்கும். 82 சதவீதத் திறன் உள்ளது 122 வாட் எடுக்கும். தினம் 6 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 11 அல்லது 12 யூனிட் வித்தியாசம். அந்த யூனிட் எல்லாம் வெறும் சூடாகத்தான் போகிறது. அந்தச் சூடே பெட்டியின் ஆயுளையும் குறைக்கிறது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

எடை: நல்ல பெட்டியில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், காயில், அலுமினிய ஹீட் சிங்க் எல்லாம் இருக்கும். அதனால் 400, 450 வாட் பெட்டி பொதுவாக ஒன்றரைக் கிலோ அளவில் கனக்கும். அட்டை டப்பா போலக் கையில் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எடையை மட்டும் வைத்து முடிவுசெய்யவும் வேண்டாம். கனம் காட்டுவதற்காகவே உள்ளே உதவாத பொருளை வைப்பதும் நடக்கிறது.

ஒயர்: ஒயரின் மேலேயே 18 ஏ.டபிள்யூ.ஜி. என்று அச்சிட்டிருந்தால் நல்லது. 20, 22 என்று எண் கூடக்கூட ஒயர் மெலிதாகிறது என்று பொருள். மெலிந்த ஒயர் சூடாகும். பிளக்கின் முனை கருகும்.

உள்பக்கம்: பெட்டியைத் திறக்காமலே காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கரண்ட் நுழையும் இடத்தில் காயிலும் சிறு கண்டென்சர்களும் இருக்க வேண்டும். லைனில் வரும் இரைச்சலை வடிகட்டுபவை அவை. பாகம் வைக்க வேண்டிய இடங்கள் காலியாக இருந்தாலோ, காயிலுக்குப் பதில் வெறும் கம்பித்துண்டு இருந்தாலோ, அது செலவு மிச்சம் பிடித்த பெட்டி.

கண்டென்சர்: அதன் மேல் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று எழுதியிருக்கும். 105 எழுதியது நம் வெயிலுக்கு ஏற்றது. சூடு 10 டிகிரி கூடினால் கண்டென்சரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் தெரிந்த கணக்கு. இந்தச் சிறிய பாகம் எவ்வளவு பெரிய நஷ்டம் உண்டாக்கும் என்பதை 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உலகமே பார்த்தது. மதர்போர்டுகளில் இருந்த தரமற்ற கண்டென்சர்கள் உப்பி, கசிந்து, கணினிகள் கூட்டம் கூட்டமாகப் பழுதாயின. டெல் நிறுவனம் மட்டும் 2005இல் இதற்காக 30 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. பெரிய நிறுவனத்தையே இப்படி உலுக்கிய பாகத்தை, பெயர் தெரியாத பெட்டியில் சோதிக்காமல் ஏற்பது சரியல்ல.

“ஃபேன் சுத்துது பாருங்க”

பழுது பார்க்கும் இடங்களில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றுவதைக் காட்டுவார்கள். பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான் இது காட்டும். சுமை இல்லாத வண்டி ஓடுவதை வைத்து, அது பத்து மூட்டை இழுக்கும் என்று சொல்ல முடியாது. கணினியோடு இணைத்து, பெரிய வேலை ஒன்றை ஓடவிட்டு, மஞ்சள் ஒயரிலும் சிவப்பு ஒயரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன அளவுக்குள் நின்றால் நம்பலாம்.

வீட்டில் தெரியும் அறிகுறிகள்

கரண்ட் போய் யு.பி.எஸ். மாறும் அந்த நொடியில் கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? நல்ல பெட்டி, தன் கண்டென்சரில் தேக்கிய மின்சாரத்தைக் கொண்டு ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். யு.பி.எஸ். அதற்குள் மாறிவிடும். சின்னக் கண்டென்சர் வைத்த பெட்டி அதற்குள் விழுந்துவிடும். யு.பி.எஸ். பேட்டரி வீக்காக இருந்தாலும் இப்படி ஆகும் என்பதால், வேறு யு.பி.எஸ்ஸில் போட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

கருகிய வாடை, கீச்சென்ற சத்தம், ஃபேன் நின்றுபோவது, பெரிய ஃபைல் திறக்கும்போது கணினி அணைவது ஆகியவையும் எச்சரிக்கைகளே. இவற்றைக் கண்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பல்லி, எறும்பு நுழைவதும், தூசி அடைவதும் நம் வீடுகளில் சகஜம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபினட்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்பது பலர் சொல்லும் குறை. இதற்கு எஸ்.எம்.பி.எஸ்ஸைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லாததே காரணம். தரமான வடிகட்டி உள்ள பெட்டியும் எர்த் இல்லாத பிளக்கில் இப்படிக் கூசும். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

சில பெட்டிகளின் பின்னால் 115, 230 என்று சிவப்புச் சுவிட்சு இருக்கும். அது எப்போதும் 230இல் இருக்க வேண்டும். குழந்தைகள் 115க்குத் தள்ளிவிட்டு கரண்ட் போட்டால் உள்ளே கண்டென்சர் வெடிக்கும். மேலே செலோடேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

மிக முக்கியமாக, பெட்டியின் திருகைக் கழற்றி உள்ளே கைவைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் சிறிது நேரம் உள்ளேயே தேங்கி நிற்கும். உயிருக்கே ஆபத்து.

பழைய ஆபீஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு

கம்பெனிகளில் பயன்படுத்தி விற்கப்படும் டெல், எச்.பி., லெனோவா கணினிகள் நம் மக்களிடம் நிறைய உள்ளன. அவற்றின் சொந்த எஸ்.எம்.பி.எஸ்ஸில் 240, 280 என்று சிறிய எண்தான் இருக்கும். “இது பத்தாது, 450 போட்டுடலாம்” என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த 240 உண்மையான 240. அது கெட்டுப்போனால் அதே மாடலின் பழைய ஒரிஜினல் பெட்டியைத் தேடிப் போடுவது நல்லது. அவற்றின் பிளக் அமைப்பும் பலவற்றில் வேறாக இருக்கும். ஒயரை வெட்டி ஒட்டி மற்றதை மாட்டுவது ஆபத்து.

அரசின் விலையில்லா மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். 2011இல் தொடங்கிய அத்திட்டத்தின் லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. சார்ஜர் மாற்றும்போது வோல்ட் அச்சாக அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பி.ஐ.எஸ். எண்ணை இதிலும் பாருங்கள்.

பில் வாங்குவது நம் உரிமை

பெயர் தெரிந்த நிறுவனத்தின் பெட்டி இரண்டாயிரம் ரூபாய் அளவில் தொடங்கி, மூன்று ஆண்டு வாரண்டியோடு கிடைக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் எழுநூறு ரூபாய் போல வரும். ஓராண்டில் போய்விடும் அறுநூறு ரூபாய்ப் பெட்டியைவிட இது பெரிய செலவே அல்ல. அவ்வளவு முடியாதவர்கள், நல்ல நிறுவனத்தின் பழைய ஒரிஜினல் பெட்டியைச் சோதித்து வாங்கலாம்.

எதை வாங்கினாலும் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதிய பில் கேளுங்கள். குறை வந்து கடையில் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டால் இவையெல்லாம் கடினம்.

விற்கும் சகோதரர்களுக்கு

நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் கணினி சர்வீஸ் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களிடம் அன்போடு சொல்கிறோம்: மலிவான பெட்டியை விற்பது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்குபவரின் கையில் அவ்வளவு பணம்தான் இருக்கலாம். ஆனால், “இது 450 என்று எழுதியிருக்கிறது, 150 வாட்டுக்கு மேல் நம்ப முடியாது, பாதுகாப்பும் குறைவு” என்று வாய்விட்டுச் சொல்லி விற்க வேண்டும். அளவிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரிக்கவே திருக்குர்ஆனில் அல்முதஃப்பிஃபீன் என்ற 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. படியில் குறைத்தாலும் வாட்டில் குறைத்தாலும் குறைத்தது குறைத்ததுதான். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியின் கருத்து.

ஏழை மாணவர்களுக்குக் கணினி தர்மம் செய்யும் நல்லுள்ளங்களுக்கும் ஒரு வார்த்தை. தாம் வாங்கத் தயங்கும் மட்டமான பொருளைத் தர்மத்துக்கென ஒதுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. கணினி கொடுக்கும்போது அதன் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் ஒருமுறை சோதித்துக் கொடுங்கள். நாம் கொடுத்த பொருளால் ஓர் ஏழை வீட்டில் தீப்பிடிக்கக் கூடாது.

கடைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள

* பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். 12 வோல்ட்டின் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள்.
* பி.ஐ.எஸ். எண்ணைச் செயலியில் சரிபாருங்கள்.
* எடை, ஒயரின் தடிமன், டார்ச் வெளிச்சத்தில் உள்பக்கம் மூன்றையும் பாருங்கள்.
* கணினியில் மாட்டி, வேலை ஓடும்போது மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.
* பில், வாரண்டி இல்லாமல் வெளியே வராதீர்கள்.
* முக்கியமான ஃபைல்களை வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கணினி வாங்கப்போகும் அண்டை வீட்டாருக்கும், அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், படிக்கக் கொடுங்கள். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.